ஓவியப் பொருள் கடை நடத்தும் ஆண்டுப் போட்டியும் விருதும் (கும்பகோணம்): காகிதம், நடுவர், பரிசு, காட்சி

குடந்தை_தூரிகை (இழையைத் தொடங்கியவர்)

எங்களுடையது கும்பகோணத்தில் உள்ள ஓவியப் பொருள் கடை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியப் போட்டி நடத்தப் போகிறோம். அதே மேடையில் இந்த வட்டாரக் கலைஞர் ஒருவருக்கு விருது கொடுக்கலாம், பிறகு மாதம் ஒரு பயிற்சி வைக்கலாம் என்பது திட்டம். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். காலாண்டுத் தேர்வுக்கும் நாள் இருக்கிறது. எதிர்பார்ப்பது 200 பிள்ளைகள், பொதுப்பிரிவில் 20 பேர்.

கேட்க வேண்டியவை: என்ன காகிதம், எத்தனை தாள்? வயதுப் பிரிவும் நேரமும் எப்படி? நடுவர்கள் மதிப்பெண் போடும் முறை எது? நம் கடையில் வாங்கிய வண்ணம்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி வைக்கலாமா? வரைந்த படங்களைக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

ஓவிய ஆசிரியை

நாள் நல்ல தேர்வு. ஆடிப்பெருக்கையும் ஆடி அமாவாசையையும் ஒட்டிய ஞாயிறுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று பாதிக் குடும்பம் காவிரிப் படித்துறையில் இருக்கும், ஊருக்குள் வண்டி நகராது.

பிரிவைப் பொறுத்தவரை வயதைவிட வகுப்பை வைத்துப் பிரிப்பது வசதி. பள்ளி அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். எல்கேஜி–யூகேஜி, 1–2, 3–5, 6–8, 9–12, பொது என்று ஆறு பிரிவு. சின்னவர்களுக்கு 45 நிமிடம், 1–2க்கு ஒரு மணி நேரம், 3–5க்கு 75 நிமிடம், அதற்கு மேல் 2 மணி நேரம்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஊடகம் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை கிரேயான் அல்லது ஆயில் பாஸ்டல். ஆறிலிருந்து நீர்வண்ணம் அல்லது போஸ்டர் கலர். கலந்துவிட்டால் ஒப்பிடவே முடியாது. ஆயில் பாஸ்டலில் ஒரு மணி நேரத்தில் தாள் முழுவதும் அடர்த்தியாக நிரம்பிவிடும். அதே நேரத்தில் நீர்வண்ணத்தில் இரண்டாவது பூச்சே அப்போதுதான் காய்ந்திருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீர்வண்ணப் படம் அரைகுறையாகத் தெரியும், பிள்ளை நன்றாக வரைந்திருந்தாலும்.

தலைப்பை அன்று அங்கேயே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் வகுப்பில் ஒரு படத்தை இருபது முறை போட வைத்து அனுப்புவார்கள். 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்பே வேண்டாம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு ஆறு: நூறு தாளில் எண்பது அதுவாகத்தான் இருக்கும். பிள்ளை கண்ணால் பார்த்த இடத்தைக் கேளுங்கள். மழை நாளில் பஸ் ஸ்டாண்ட், வெற்றிலைக் கடை, குளத்துப் படித்துறை, ரேஷன் கடை வரிசை. மூன்று தலைப்பு சொல்லி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

9–12க்கு நேரில் பார்த்து வரைவது இன்னும் நல்லது. ஒரு பித்தளைக் குடம், இரண்டு வாழைக்காய், மடித்த துண்டு ஒன்று. 12 பேருக்கு ஒரு அமைப்பு, 6 அடி தள்ளி அரைவட்டமாக உட்கார வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழ வேண்டும். மண்டபத்தின் டியூப் லைட் நான்கு பக்கமும் எரிந்தால் நிழலே இருக்காது, குடம் தட்டையாகத் தெரியும். அந்தப் பகுதி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் வையுங்கள்.

காகிதக்கட்டு

தாள் கணக்கு. உங்கள் 220 பேரில் பாஸ்டல் போடுபவர்கள் சுமார் 120, தண்ணீர் வண்ணம் போடுபவர்கள் 100 என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகப் பத்து சதவீதம் சேர்த்தால் 132ம் 110ம்.

22×30 அங்குல முழுத்தாளை நான்காக வெட்டினால் 11×15 வரும். ஏ3 அளவைவிடக் கொஞ்சம் சிறியது. பாஸ்டலுக்கு 33 முழுத்தாள், நீர்வண்ணத்துக்கு 28. அச்சகத்தில் கட்டிங் மெஷினில் கொடுத்து ஒரே அளவாக வெட்டி வாங்குங்கள். கத்தியும் ஸ்கேலும் வைத்து வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருக்கும், பிறகு சட்டம் போடுபவர் திண்டாடுவார். இன்னொன்று: கார்ட்ரிட்ஜ் தாள் (ஓவியத்துக்கான தடித்த தாள்) 22×28 அளவிலும் வருகிறது, அதை வெட்டினால் 11×14தான் கிடைக்கும். இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்.

பாஸ்டலுக்கு 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கார்ட்ரிட்ஜ் போதும், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் நல்லது. வழவழப்பான சார்ட் பேப்பரில் முதல் பூச்சு ஒட்டும், இரண்டாவது வழுக்கும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம். பருத்தித் தாள் வேண்டியதில்லை, மரக்கூழ்த் தாளே இரண்டு மணி நேர வேலைக்குத் தாங்கும். 200க்குக் கீழே போனால் நடுவில் மேடாக எழும்பி வண்ணம் ஓரங்களில் குளம் கட்டும்.

வாங்கியவுடன் ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளைச் சோதியுங்கள். அகலத் தூரிகையில் நிறைய தண்ணீரோடு ஒரு வெளிர் நீலம் இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரே சீராகக் காய்ந்தால் நல்ல தாள். அங்கங்கே கரும்புள்ளியாக வண்ணம் உள்ளே இறங்கினால் தாளின் பசைப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஈரமான கிடங்கில் ஒரு மழைக்காலம் கிடந்த தாளுக்கு இது நடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் பட்டால்தான் காட்டும். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை தாண்டிய பழைய சரக்கு என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

தாளின் பின்பக்கம் கடை முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கட்டும். இரண்டாவது தாள் கேட்டால் முதல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் தர வேண்டும். இல்லையென்றால் வீட்டில் போட்ட படம் உள்ளே வந்துவிடும்.

குடந்தை_தூரிகை

தாள் விஷயம் தெளிவு, நன்றி. தாளை நாங்களே இலவசமாகத் தருகிறோம். வண்ணம்தான் சிக்கல். பொருள் அனுப்பும் விநியோகஸ்தர் ஒருவர், தங்கள் நிறுவனத்துப் பெட்டி வாங்கிய பில்லோடு வந்தால்தான் சேர்க்க வேண்டும், அப்படியானால் பரிசுப் பொருளைத் தானே தருகிறேன் என்கிறார். செலவு பாதியாகக் குறையும்.

ஓவிய ஆசிரியை

ஒப்புக்கொள்ளாதீர்கள் சார். பில் கேட்கும் அந்த நிமிடமே அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். 'டெக்னிக்கல் லோயர், ஹையர் தேர்வு (அரசு நடத்தும் ஓவியத் தேர்வு) எழுதப் போகிறேன்' என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. ஒரு பிள்ளை 50 நிறப் பெட்டி, பக்கத்துப் பிள்ளை 12. அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வரிசைக்கும் பொதுப்பெட்டி ஒன்று வையுங்கள். ஆயில் பாஸ்டலில் தோல் நிறம், வெளிர் பச்சை, சாம்பல், வெள்ளை. இந்த நான்கும்தான் 12 நிறப் பெட்டியில் கிடைக்காமலோ சீக்கிரம் தீர்ந்தோ போகிறவை. பத்துப் பிள்ளைக்கு ஒரு டப்பா போதும்.

மொத்தவிலை

ஒரு கடைக்காரர் பக்கத்திலிருந்து மாற்றுக் கருத்து. விளம்பரதாரர் இல்லாமல் இரண்டாவது ஆண்டு நடத்துவது கஷ்டம், முதல் ஆண்டு ஆர்வத்தில் ஓடிவிடும். மண்டபம், தாள், சான்றிதழ், பரிசு, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் கடை லாபத்திலிருந்து போனால் அடுத்த ஆண்டு யோசிக்கத் தோன்றும். விநியோகஸ்தரை விடாதீர்கள், பில் நிபந்தனையை மட்டும் விடுங்கள். அதற்குப் பதிலாகப் பொதுப்பெட்டி அவர் தரட்டும், பேனரில் அவர் பெயர் வரட்டும், வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது 200 பெற்றோர் கண்ணில் படுவதுதான்.

நுழைவுக் கட்டணம் வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான பொருள் கையோடு திரும்பக் கொடுங்கள், ஒரு பென்சிலும் அழிப்பானும் ஆனாலும். அரசுப் பள்ளிக்குக் கட்டணம் வேண்டாம்.

கவின்கலை_பழைய மாணவர்

நடுவர் முறைதான் இதில் முக்கியம், அங்கேதான் போட்டியின் பேர் கெடும்.

மூன்று நடுவர். மூவருமே உள்ளூரில் ஓவிய வகுப்பு நடத்தாதவர்களாக இருக்க வேண்டும். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒருவர், தஞ்சாவூர் அல்லது திருச்சியிலிருந்து ஒருவர், மூன்றாவது ஒரு கைவினைஞர். பெயர் எழுதிய சீட்டைத் தாளிலிருந்து தனியே கிழித்தெடுத்து உறையில் போட்டுவிட்டு, பின்பக்க எண்ணை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் பெயரோ பள்ளிப் பெயரோ எழுதக் கூடாது என்று ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லுங்கள். அப்படியும் எழுதியிருந்தால் மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் பாருங்கள், படத்தை நீக்காதீர்கள்.

முதல் சுற்றில் மதிப்பெண்ணே வேண்டாம். ஒரு பிரிவின் படங்கள் அத்தனையையும் தரையில் ஜமக்காளத்தின் மேல் பரப்புங்கள். ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு நிறத்தில் 15 பொத்தான் அல்லது சோழி. பேசாமல் நடந்து, பிடித்த படத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். இரண்டு நிறமாவது விழுந்த படம் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒரு நிறம் மட்டும் விழுந்ததை மூவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்து முடிவெடுக்கலாம். 50 படத்துக்குக் கால் மணி நேரம் போதும். இரண்டாம் சுற்றில் பத்துப் படம் நின்றால் அதை 1 முதல் 10 வரை ஒவ்வொரு நடுவரும் தனித்தனியாக வரிசைப்படுத்த வேண்டும். மூன்று வரிசை எண்ணையும் கூட்டினால் எது குறைவோ அதுவே முதல்.

மொத்தவிலை

பெற்றோர் கேட்பது மதிப்பெண்தான் அண்ணே. கற்பனை 25, நிறம் 25, தலைப்பு 25, நேர்த்தி 25 என்று தாள் இருந்தால் காட்டிவிடலாம். 'வரிசைப்படுத்தினோம்' என்றால் யார் நம்புவார்கள்?

கவின்கலை_பழைய மாணவர்

நூற்றுக்கு மதிப்பெண் போடும்போது என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கில் பாருங்கள். முதல் படத்துக்கு நடுவர்கள் தருவது 95, 76, 77. மொத்தம் 248. இரண்டாம் படத்துக்கு 70, 84, 85. மொத்தம் 239. பின்னிரண்டு நடுவருக்கும் இரண்டாம் படம்தான் மேல். ஆனாலும் முதல் படம் ஜெயிக்கிறது. காரணம், முதல் நடுவர் 70க்கும் 95க்கும் இடையில் தாராளமாகப் போடுகிறார், மற்ற இருவரும் எட்டு மதிப்பெண் வித்தியாசத்துக்குள் நிற்கிறார்கள். கை அகலமாக இருப்பவர் ஒருவரே முடிவை எழுதிவிடுகிறார். இதையே வரிசையாகப் போட்டால் முதல் படம் 1+2+2=5, இரண்டாம் படம் 2+1+1=4. இரண்டாம் படத்துக்கு முதல் பரிசு.

பெற்றோருக்குக் காட்ட இந்த வரிசைத் தாளையே படத்துக்குக் கீழே ஒட்டுங்கள். மூன்று எண், ஒரு கூட்டல். மதிப்பெண் தாளைவிட இதற்கு விளக்கம் குறைவு. சமமாக வந்தால் யாருக்கு அதிக '1' விழுந்ததோ அவர் முன்னால், அதுவும் சமமென்றால் இருவருக்கும் அதே பரிசு. இதை முன்கூட்டியே நோட்டீஸில் அச்சடித்துவிடுங்கள். நேர்த்திக்கு 25 என்று தனியாக வைத்தால் சின்னப் பிரிவில் பெரியவர் கை பட்ட படம்தான் மேலே வரும், அதையும் யோசியுங்கள்.

முகநூல், இன்ஸ்டாகிராம் 'லைக்' எண்ணிப் பரிசு கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உறவுக்காரர் அதிகம் உள்ள வீடு ஜெயிக்கும்.

ஓவிய ஆசிரியை

எல்கேஜி–யூகேஜிக்கு முதல், இரண்டாம் பரிசே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் கோடு போடும் வளர்ச்சி பிள்ளைக்குப் பிள்ளை ஆறு மாதம் முன்பின் இருக்கும், திறமைக்கு அதில் வேலையில்லை. எல்லோருக்கும் ஒரே பதக்கம், ஒரே தடித்த கிரேயான் பெட்டி. 1–2லிருந்து வரிசை வைக்கலாம்.

குறுக்கே கயிறு கட்டி, பெற்றோரைப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். உள்ளே வந்தால் கை நீளும். அழுகிற பிள்ளைக்கு மட்டும் ஒருவர் வரலாம், கையில் பென்சில் இருக்கக் கூடாது.

பரிசு பிளாஸ்டிக் கோப்பையாக வேண்டாம், உங்களிடமே நல்ல பொருள் இருக்கிறது. 6–8க்கு 4, 8, 12 எண் உருண்டைத் தூரிகை மூன்றும் 12 குழாய் நீர்வண்ணமும். 9–12க்கு 300 ஜிஎஸ்எம் தாள் பத்தும் ஒரு வரைபலகையும். கூப்பன் கொடுப்பதாக இருந்தால் 'இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால்' என்ற நிபந்தனை போடாதீர்கள்.

சட்டம்_கண்ணாடி

காட்சி வைக்கிற விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. கதவு தொறந்தா தாள் பறக்கும். தாளை வச்சு வரையுற அட்டை ஒண்ணுக்கு நாலு கிளிப், நாலு மூலையிலயும். ஃபேனை நடு வேகத்துக்கு மேல வைக்காதீங்க. போஸ்டர் கலர் மேல மட்டும் சடக்குன்னு காஞ்சு, தடிச்ச இடம் அப்புறமா வெடிக்கும்.

வாங்கின ஈரப் படத்தைக் கொடியில மாட்டாதீங்க, வண்ணம் கீழ வழியும். பெஞ்சு மேல தட்டையா அரை மணி நேரம் காயட்டும். ஆயில் பாஸ்டல் காயவே காயாது, அது எப்பவும் பிசுபிசுன்னுதான் இருக்கும். ஸ்ப்ரே அடிச்சாலும் முழுசா நிக்காது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வச்சு அடுக்குங்க. சுருட்டவே கூடாது.

மண்டபச் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாங்க. ரெண்டு பக்க டேப் ஒட்டினா சுண்ணாம்போட பெயரும். பந்தல்காரர்கிட்ட சவுக்குக் கம்பும் தட்டியும் வாங்கி நிறுத்துங்க. படுக்கை வாக்குல ஒரு படம் 15 அங்குலம், நடுவுல 3 அங்குல இடைவெளி. 60 படத்தை ரெண்டு வரிசையா மாட்டினா வரிசைக்கு 30, அதாவது 45 அடி நீளம். கீழ் வரிசையோட நடுப்பகுதி மூணேகால் அடி, மேல் வரிசை நாலரை அடி உயரத்துல இருக்கட்டும். பிள்ளைங்க தன் படத்தைப் பார்க்கணும்ல. சின்னவங்க படம் கீழ் வரிசையில.

பரிசு வாங்கின படத்துக்கு மட்டும் சட்டம் போட்டாப் போதும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவுல வெட்டின தடிச்ச அட்டை) கட்டாயம். ஆயில் பாஸ்டல்னா ரெண்டு அடுக்கு. கண்ணாடி நேராத் தொட்டா வண்ணம் அதுல ஒட்டிக்கும், மழைக்காலத்துல பூஞ்சை வரும். படத்தைப் பசை தடவி ஒட்டாதீங்க, மேல் ஓரத்துல ரெண்டு இடத்துல காகிதக் கீல் வச்சுத் தொங்க விடுங்க. ஈரத்துல தாள் நீளும், நாலு பக்கமும் ஒட்டினா நடுவுல புடைக்கும்.

பத்திரம்

படத்தைக் கடையே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு. தாளை நீங்கள் கொடுத்தாலும் அதில் வரைந்த படத்தின் பதிப்புரிமை வரைந்தவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உரிமையை மாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் (19ஆம் பிரிவு). காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். 'படங்கள் அனைத்தும் அமைப்பாளருக்கே சொந்தம்' என்று நோட்டீஸின் கடைசி வரியில் போடுவது போதாது, நியாயமும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, ஆகவே பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

விண்ணப்பத்தில் இரண்டு வரி போதும்: படத்தை 15 நாள் கடையில் காட்சிக்கு வைக்கலாம், பிள்ளையின் முதற்பெயர், வகுப்போடு அந்தப் படத்தின் ஒளிப்படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் ஓராண்டு வெளியிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம், விருப்பம் இருந்தால் டிக். காலண்டரில் அச்சடிப்பதென்றால் தனியாகக் கேட்டு, பணம் கொடுத்து, பெயர் போட்டு அச்சடியுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. தொலைபேசி எண்களை விநியோகஸ்தரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

நெட்டி_வேலை

கைவினைஞர் விருது பற்றி. கும்பகோணத்தைச் சுற்றி ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, தஞ்சாவூரில் நெட்டி வேலை (நீர்ச்செடித் தண்டில் செய்யும் கைவேலை), கலைத்தட்டு, ஓவியம். ஆனால் பெயர் பெற்ற இவற்றிலேயே நின்றுவிடாதீர்கள். சுவரிலும் தகரத்திலும் பெயர்ப்பலகை எழுதியவர்கள் இருக்கிறார்கள், ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை போனவர்கள். பள்ளி ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வரிசையில் முதலில் இவர்களை வையுங்கள்.

பரிந்துரையை ஒரு மாதம் முன்பே கல்லாவில் அட்டை வைத்து வாங்குங்கள். பெயர், என்ன வேலை, எங்கே பார்க்கலாம் என்று மூன்று வரி. எத்தனை அட்டை விழுந்தது என்று எண்ணாதீர்கள். ஒரே அட்டை வந்தவரையும் நேரில் போய் வேலையைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பொன்னாடை போர்த்தி அனுப்பினால் அது அலமாரிக்குத்தான் போகும். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அவரிடம் ஒரு வேலைக்கு ஆர்டர் கொடுங்கள், முழு விலையில், பேரம் பேசாமல். அதை ஓராண்டு கடை முகப்பில் வையுங்கள். அவர் சம்மதித்தால் பக்கத்தில் பெயரும் தொடர்பு எண்ணும். பலகை எழுதுபவர் என்றால் கடையின் பெயர்ப்பலகையையே அவர் எழுதட்டும்.

குடந்தை_தூரிகை

பெயர்ப்பலகை யோசனை மிகப் பிடித்திருக்கிறது, செய்கிறோம். மாதப் பயிற்சிக்கு முதலில் தஞ்சாவூர் ஓவியம் ஒரு நாள் வகுப்பு என்று நினைத்தோம், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

நெட்டி_வேலை

ஒரே நாளில் வராது. பலகையில் துணி ஒட்டுவது, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசித் தேய்ப்பது, கோட்டோவியம், கல் பதிப்பு, மக்கு (புடைப்பாகத் தெரிய வைக்கும் சுண்ணக் குழம்பு), தங்கத்தாள், பிறகு வண்ணம். ஒவ்வொன்றும் காய வேண்டும். அவசரத்துக்கு மக்கை வெயிலில் வைத்தால் மேலே இறுகி உள்ளே ஈரமாக இருக்கும், இரண்டு நாளில் பிளக்கும். ஒரே தடவையில் தடிமனாக வைத்தாலும் அதே கதி. மூன்று ஞாயிறாகப் பிரியுங்கள். பூச்சு போட்டுத் தேய்த்த 8×10 பலகையைக் கடையே தயாராகத் தரட்டும். முதல் ஞாயிறு கோடும் கல்லும் மக்கும், இரண்டாவது தங்கத்தாள், மூன்றாவது வண்ணம். பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு ஆசிரியரால் பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வைக்காதீர்கள்.

கவின்கலை_பழைய மாணவர்

செலவே இல்லாத ஒன்று: மகாமகக் குளத்தில் ஞாயிறு காலை 6.30 முதல் 8.30 வரை வரைதல். கரையைச் சுற்றி 16 மண்டபம், ஒருவருக்கு ஒன்று. ஏ5 நோட்டு, 2பி, 6பி பென்சில் இரண்டே போதும். முதல் இருபது நிமிடத்தில் நிழலின் எல்லையைக் குறித்துவிட வேண்டும். பிறகு வெயில் ஏற ஏற நிழல் நகரும். அதைத் துரத்தினால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

குடந்தை_தூரிகை

கடைசியாக ஒன்று. நீர்வண்ணப் பிரிவுக்கு எவ்வளவு தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும்? மண்டபக் குழாயை நம்ப முடியாது.

சட்டம்_கண்ணாடி

100 பேருக்கு ஆளுக்கு 300 மில்லி, ஒரு தடவை மாத்தணும். 60 லிட்டர் ஆச்சு. 20 லிட்டர் கேன் நாலு வாங்குங்க, ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். வண்ணத் தண்ணி ஊத்த ரெண்டு டிரம் தனியா வச்சுடுங்க, வாஷ் பேசின்ல ஊத்தினா கறை போகாது, மண்டபக்காரர் அட்வான்ஸ்ல பிடிப்பார். தூரிகை கழுவுற டம்ளர் எல்லாம் ஒரே நிறமா இருக்கட்டும், குடிக்கிற டம்ளர் வேற நிறம், வேற மேசை. சின்னப் பிள்ளைங்க எதை எடுத்துக் குடிக்கும்னு சொல்ல முடியாது.